டிஸ்னிக்கு யார் தலைவரானால் என்ன, பிள்ளை என்ன படிக்கட்டும்?

அண்ணாச்சி, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பேப்பர் கட்டிங்கையும் படித்தேன். ஒன்று டிஸ்னியில் தலைவர் மாறிய செய்தி, இன்னொன்று பெங்களூரில் கிராபிக்ஸ் கம்பெனி மூடி வேலை போனவர்கள் பற்றியது. கூடவே வாய்ஸில், "இதுக்கு அப்புறமும் பிள்ளைய அனிமேஷனுக்கு அனுப்பச் சொல்லுதீங்களா தம்பி?" என்று கேட்டிருந்தீர்கள். பின்னால் மதினி "பேசாம பி.காம்ல சேத்துருங்க" என்றதும் கேட்டது.

அனுப்பலாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பிள்ளை மனதில் வைத்திருக்கிற வழியில் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், கேபிள் டிவி வசூலுக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திப் படிக்காமல் ராத்திரி உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அந்தத் தலைவர் விவகாரம். பாப் ஐகர் என்பவர் 2005இல் பொறுப்புக்கு வந்து பதினாலு வருஷத்துக்கு மேல் இருந்தார். பிக்ஸார், மார்வெல், லூகாஸ்ஃபிலிம், கடைசியாக 2019இல் ஃபாக்ஸ் என்று ஒவ்வொரு படக் கம்பெனியாக வாங்கிப் போட்டார். ஃபாக்ஸோடு சேர்ந்துதான் ஸ்டார் இந்தியாவும் ஹாட்ஸ்டாரும் அவர்கள் கைக்குப் போனது, அதாவது உங்கள் ஊரில் நீங்கள் வீடு வீடாகக் கொடுத்த விஜய் டிவிக்கும் ஐந்தரை வருஷம் டிஸ்னிதான் முதலாளி. 2020 பிப்ரவரியில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களைப் பார்த்துக்கொண்டிருந்த பாப் சாப்பெக்கிடம் நாற்காலியைக் கொடுத்தார் ஐகர். அடுத்த மாதமே கொரோனா. பூங்கா மூடல், தியேட்டர் மூடல், வீட்டில் அடைந்து கிடந்த ஜனம் எல்லாம் டிஸ்னி பிளஸ் பக்கம் போனது, அது சந்தா கட்டி நெட்டில் படம் பார்க்கிற அவர்களுடைய ஸ்ட்ரீமிங் செயலி. ஆள் சேர்ந்துகொண்டே போகிறது என்று ஊரே கைதட்டியது. 2022 நவம்பரில் கணக்கு வந்தபோது, ஸ்ட்ரீமிங்கில் மட்டும் ஒரே காலாண்டில் ஏறக்குறைய 147 கோடி டாலர் நட்டம். இரண்டு வாரத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பெக்கை இறக்கிவிட்டு ஐகரையே திரும்பக் கூட்டி வந்தார்கள். மகனிடம் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கணக்கு இடிக்கிறது என்று தெரிந்ததும் பஸ் ஏறிப் போய் மறுபடி கல்லாவில் உட்காருவாரே, அந்த மாதிரி.

நம் ஆட்கள் கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான். பழையவர் வந்துவிட்டார், இனி நல்ல காலம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வந்து மூன்று மாதத்தில், 2023 பிப்ரவரியில், 7,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது அந்தப் பழையவர்தான். 550 கோடி டாலர் செலவை மிச்சம் பிடிப்பதாகச் சொன்னதும் அவர்தான். ஆளுக்கு ஆள் சுபாவம் மாறும், வேலை போகிறதா இருக்கிறதா என்பது பணம் எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது. 2026இல் ஐகருக்கு அடுத்து ஜோஷ் டமாரோ வந்திருக்கிறார், அவரும் பூங்கா பக்கத்து ஆள். ஏன் என்று பார்த்தால் அந்தக் கம்பெனியின் லாபத்தில் பாதிக்கு மேல் பூங்கா, கப்பல், பொம்மை வகையறாவில்தான் வருகிறது. படம் எடுப்பவர்கள் என்று நாம் நினைக்கிறோம், சோறு போடுவது ராட்டினம்.

குழாய் விஷயத்தை உங்களுக்கு நான் விளக்கினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். 2019இல் டிவி கட்டணத்தை ஒழுங்குபடுத்துகிற டிராய் அமைப்பின் புதுக் கட்டண முறை வந்தபோது, நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி, அதற்கு மேல் காசு சேனல் என்று ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு விளக்கம் சொல்லி ஓய்ந்து போனீர்களே. கேபிளின் சூட்சுமம் என்ன? பார்க்கிறவரும் கட்டுவார், பார்க்காதவரும் கட்டுவார். கார்ட்டூனே போடாத வீட்டிலிருந்தும் கார்ட்டூன் சேனலுக்குக் காசு போகும். அமெரிக்காவிலும் அதே கதைதான், டிஸ்னிக்குப் பல வருஷம் அந்தக் காசு கொட்டியது. ஸ்ட்ரீமிங்கில் அது நடக்காது. பார்க்கிற மாதம் கட்டுவான், பரீட்சை வந்தால் நிறுத்துவான், கிரிக்கெட் வந்தால் திரும்ப வருவான். அவனை ஓடவிடாமல் பிடித்து வைக்க வாராவாரம் புதுசு புதுசாகப் படம், தொடர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். 2020 முதல் 2022 வரை அனிமேஷனிலும் கிராபிக்ஸிலும் கண்டமேனிக்கு ஆள் எடுத்தது இதனால்தான். பிறகு நட்டக் கணக்கு வந்ததும் குறைத்ததும் இதனால்தான்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு நேரடியாகத் தெரியும். அந்த 2022 கடைசியில் டிஸ்னி பிளஸ்ஸுக்கு உலகம் முழுக்க 16 கோடிச் சொச்சம் சந்தாதாரர்கள் என்றார்கள், அதில் 6 கோடிக்கு மேல் ஹாட்ஸ்டார் ஆட்கள், அதாவது நாம். ஆனால் தலைக்கு மாதம் ஒரு டாலர்கூட வரவில்லை. அப்புறம் ஐ.பி.எல். டிஜிட்டல் உரிமை வேறு கைக்குப் போனது, 2023இல் ஜியோசினிமா அதை இலவசமாகவே காட்டியது, ஹாட்ஸ்டாரில் கோடிக்கணக்கில் ஆள் குறைந்தது. உங்களிடமும் அந்த சீசனில்தானே பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் வந்தார்கள்? போன தடவை நான் வந்தபோது திண்ணையில் தினுசு தினுசாக செட்டாப் பாக்ஸ் அடுக்கியிருந்தது, ரிமோட்டுகளை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ஒரு கடகத்தில் வைத்திருந்தீர்கள். கடைசியில் 2024 நவம்பரில் ஸ்டாரும் ஜியோசினிமாவை நடத்திய வயாகாம்18உம் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனது. 2025 பிப்ரவரியில் இரண்டு செயலியும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார். ஆக, கல்லிடைக்குறிச்சியில் உங்கள் வயரை அறுத்த அதே கத்திதான் கலிபோர்னியாவிலும் அறுத்தது, நீங்களும் ஐகரும் ஒரே நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். (அவருக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதல்.)

சரி, பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். "டிஸ்னியில் வேலை" என்கிறாள். அங்கேதான் திருத்தம் தேவை. டிஸ்னி படத்தில் வேலை செய்வது வேறு, டிஸ்னியில் வேலை செய்வது வேறு. 2019இல் வந்த லயன் கிங் படத்து மிருகங்களின் ரோமத்தை அசைத்தவர்களில் பலர் பெங்களூரில் உட்கார்ந்துதான் அசைத்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது எம்.பி.சி. என்ற கம்பெனி. 2024 டிசம்பரில் வந்த முஃபாசாவும் அவர்கள் வேலைதான். படம் வந்து இரண்டே மாதத்தில் எம்.பி.சி.யின் தாய்க் கம்பெனி டெக்னிகலர் படுத்துவிட்டது. பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாரத்தில் நடுத்தெருவில். நீங்கள் அனுப்பிய இரண்டாவது கட்டிங் அந்தக் கதைதான். 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதக் கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த வருஷம் இங்கே வர வேண்டிய வேலை நின்றுபோனதும், கம்பெனி கை மாறிக் கை மாறி வந்த கடனும் சேர்ந்து அமுக்கிவிட்டன. டிஸ்னிக்கு எந்தத் தலைவர் என்பதற்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை.

இதில் யார் சீக்கிரம் மீண்டார்கள் என்று நான் என்னிடம் படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்த பிள்ளைகளை வைத்துத்தான் சொல்ல முடியும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனை, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், "நூறு சதவீதம் வேலை" என்று போர்டு போட்ட ஒரு இடத்தில் சேர்க்க நானே தலையாட்டினேன். என் தப்பு அது, இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் அப்பா நகையை வைத்துப் பணம் கட்டினார். அங்கே கற்றுக்கொடுத்தது ரோட்டோ என்ற ஒரே வேலை: ஒரு வினாடிக்கு 24 படம், ஒவ்வொன்றிலும் நடிகரின் உருவத்தைச் சுற்றிக் கோடு இழுத்து வெட்டி எடுக்க வேண்டும். வேலை கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. ராத்திரி ஷிஃப்ட்டில் முடிமுடியாகக் கோடு இழுத்தான். இப்போது அந்த வேலையில் ஒரு பகுதியை மென்பொருளே இழுக்கிறது, அவன் ஊரில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறான். அவனோடு அதே சமயம் வேலைக்குப் போன இன்னொரு பெண், வரையத் தெரிந்தவள், கதையைப் படம் படமாகப் பிரித்து ஸ்டோரிபோர்டு போடுவாள். அவளுக்கும் வேலை போனது, இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள், இப்போது பள்ளிப் பாடத்துக்குப் படம் செய்கிற இடத்தில் இருக்கிறாள். ரோட்டோ கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ரசீதுப் புத்தகத்தை நான் பார்த்தேன். நீங்கள் வைதீர்களே, "வசூல் புக்குல கிறுக்கி வச்சிருக்கா" என்று. அது கிறுக்கல் இல்லை அண்ணாச்சி. ஓரத்தைப் பிடித்துச் சரசரவென்று விட்டால் ஒரு ஆடு நடக்கிறது. நடக்கிற ஆட்டைப் பொம்மை மாதிரி நாலு காலையும் ஆட்டிவிடுவதுதான் எல்லாப் பிள்ளையும் செய்வது. இவள் பின்னங்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கம் ஏறுவதை வரைந்திருக்கிறாள், மடி ஒரு படம் பிந்தி ஆடுகிறது. யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, உங்கள் தொழுவைப் பார்த்து வந்தது.

அதனால் பி.காம் வேண்டாம். பிள்ளை இப்போதுதான் பிளஸ் டூவுக்கு வந்திருக்கிறாள், நேரம் இருக்கிறது. முதல் முயற்சி யூசீட், வடிவமைப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துவது, எந்த குரூப் படித்திருந்தாலும் எழுதலாம், வழக்கமாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரியில் பரீட்சை, அதில் வரையச் சொல்லியும் ஒரு கேள்வி உண்டு. கூடவே என்.ஐ.டி. நுழைவுத் தேர்வு. ஒரு விஷயம், திருச்சியில் இருக்கிற என்.ஐ.டி. இல்லை இது, அகமதாபாத்தில் இருக்கிற வடிவமைப்பு நிறுவனம். மாமா சித்தப்பா எல்லாம் குழப்புவார்கள். இரண்டுமே கடினம், கிடைக்காமல் போகலாம், அதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்தது சென்னை தரமணியில் இருக்கிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனம், அங்கே அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு நாலு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணத்தில் உங்களுக்கு மூச்சுத் திணறாது. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டு நிலைமைக்கு இதுதான் தோதானது. எதுவும் அமையாவிட்டால் பாளையங்கோட்டையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கட்டும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். விஸ்காமில் அனிமேஷன் ஆழமாக வராது, கேமரா, எடிட்டிங், விளம்பரம், பத்திரிகை எல்லாம் கலந்து வரும். மீதியை அவளே ராத்திரி உட்கார்ந்து கற்க வேண்டும்.

கற்பதற்குப் பணம் ஒரு தடை இல்லை. பிளெண்டர் என்று ஒரு மென்பொருள், காசே கிடையாது. லாட்வியாவிலிருந்து ஒரு சின்னக் கூட்டம் அதில் செய்த ஃப்ளோ என்ற படம், பேச்சே இல்லாத ஒரு பூனைக் கதை, 2025 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படம் ஆனது. எதிரே போட்டியில் நின்றது டிஸ்னியின் பிக்ஸார் எடுத்து நூறு கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த இன்சைட் அவுட் 2. பிள்ளையிடம் டிஸ்னி கட்டிங்கைக் காட்டிப் பயமுறுத்துவதற்குப் பதில் இதைச் சொல்லுங்கள்.

லேப்டாப் இப்போது வாங்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு அது இது என்று ஜங்ஷனில் கடைக்காரர் லட்சத்துக்கு மேல் சொல்லுவார். ஒரு வருஷம் பென்சிலும் நோட்டும் போதும், காலேஜில் சேர்ந்த பிறகு அங்கே என்ன கேட்கிறார்களோ அதைப் பார்த்து வாங்கலாம். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டு, "இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி" என்று போனில் விரட்டுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருஷம் உங்களிடம் படித்து முடித்த பத்துப் பேருடைய ஷோரீலைக் காட்டுங்கள் என்று. ஷோரீல் என்றால் அவர்கள் செய்த வேலையை ஒன்றிரண்டு நிமிஷமாகத் தொகுத்த வீடியோ, இந்தத் தொழிலில் மார்க் ஷீட்டை விட அதைத்தான் பார்ப்பார்கள். காட்டத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

மதினிக்கு ஒரு வார்த்தை: பிள்ளை ராத்திரி ஷிஃப்ட்டு, வெளியூர் என்று போவாளே என்கிற கவலை எனக்குப் புரியாமல் இல்லை. போகத்தான் வேண்டி வரும். சென்னையோ பெங்களூரோ இல்லாமல் இந்தத் தொழில் ஆரம்பத்தில் நடக்காது, அதை மறைத்துவிட்டு நான் ஆலோசனை சொன்னால் நாளைக்கு நீங்கள் என்னைத்தான் ஏசுவீர்கள். ஆனால் இன்னும் நாலைந்து வருஷத்துக்கு ராத்திரி ஷிஃப்ட்டுப் பேச்சுக்கு வேலை இல்லை.

வருகிற ஞாயிறு காலையில் பாளையங்கோட்டைக்கு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. யூசீட் பழைய கேள்வித்தாள் எடுத்து வைக்கிறேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையட்டும், நாம் வெளியே டீ குடிப்போம். வரும்போது கட்டிங் எதுவும் வேண்டாம், அந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து வாருங்கள். இந்த மாச வசூலுக்கு வேறு புக் போட்டுக்கொள்ளலாம்.