போத்தல் ஏன் தீரவில்லை?

கேள்வி: மகளுக்கு 16 வயது. ஐந்து வருடமாக முதலாம் வகை நீரிழிவு. காலையில் 24, இரவில் 16 அலகு இன்சுலின். ஓ.எல். பரீட்சை முடிந்ததிலிருந்து மெலிந்துகொண்டே போகிறாள். கொப்பியில் அவள் எழுதும் சீனி அளவெல்லாம் 120, 130தான். கிளினிக்கில், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 11.4, மிகக் கூட என்கிறார்கள். ஊசி போடும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். பிட்டைக் குறைக்கச் சொல்லியும் பார்த்துவிட்டேன்.
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: பிட்டை விடுங்கள், மருந்துப் போத்தலைப் பாருங்கள். 10 மில்லிலீற்றர் போத்தலில் 1000 அலகு இருக்கும். நாளுக்கு 40 என்றால் 25 நாளில் தீர வேண்டும். ஐந்தாம் வாரத்திலும் பாதி கிடந்தால் ஊசி ஒழுங்காக ஏறவில்லை. மீற்றரில் பதிவான அளவுகளையும் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள்.

இன்சுலின் குறைந்தால் சீனி 180ஐத் தாண்டிச் சிறுநீரோடு போகும். கொழுப்பும் தசையும் கரையும். அது தெரிந்தே ஊசியைக் குறைக்கிற பிள்ளைகள் உண்டு. கல்யாண வீட்டில் இரண்டு மாமிமார் 'மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்' என்றால் போதும். இது களவல்ல, வருத்தம். ஏச வேண்டாம். சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

கொஞ்ச மாதத்துக்கு நீங்களே மருந்தை இழுத்து, பக்கத்தில் இருந்து போடுங்கள். இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப் போய், நடந்ததை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த அளவிலிருந்து ஏற்றுவது என்பது அவர் முடிவு. நெடுநாள் கூடியிருந்த சீனி சடுதியாக இறங்கினால் கண்ணும் நரம்பும் கெடலாம். விழித்திரைப் பரிசோதனையையும் கேளுங்கள். மனநல வைத்தியருக்குக் கடிதமும் வாங்குங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 1926.

பெரும்பாலும் கோணுவது இதற்குப் பிறகுதான். ஊசி ஒழுங்கானதும் உடம்பில் நீர் தங்கும். கணுக்கால் வீங்கும், தராசு முள் மளமளவென்று ஏறும். 'பாத்தீங்களா அம்மா, கொழுத்திட்டன்' என்று அவள் மறுபடி ஊசியை விடுவது அப்போதுதான். அது கொழுப்பல்ல, நீர். பெரும்பாலும் சில வாரத்தில் வற்றும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், தராசையும் எடுத்து ஒளித்துவிடுங்கள். வீக்கம் கூடினால், மூச்சு வாங்கினால் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: தங்கச்சிக்கும் முதலாம் வகை நீரிழிவு. வாந்தி எடுத்து, சாப்பிடாத நாளில் ஊசியை நிறுத்தலாமா?
— ஓர் அண்ணன், மூதூர்

பதில்: முழுதாக நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று கிளினிக்கில் கேளுங்கள். சீனி 250க்கு மேலிருந்து, வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு, மூச்சில் பழவாசனை கண்டால் அது இரத்தத்தில் கீற்றோன் என்ற அமிலம் ஏறியதன் அடையாளம். சோடா கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.