‘சர்ச்சைக்குரிய பகுதி’ என்பது நடுநிலையான சொல்லா?

கேள்வி: மேற்குக் கரையை ஒரு நாளிதழ் ‘சர்ச்சைக்குரிய பகுதி’ என்று எழுதுகிறது. நீங்கள் ‘ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி’ என்கிறீர்கள். காசாவை விட்டு 2005லேயே இஸ்ரேல் போய்விட்டது என்றும் அந்த நாளிதழ் சொல்கிறது. இரண்டு பேர் உரிமை கோரும் நிலத்துக்குச் ‘சர்ச்சைக்குரியது’ என்பதுதானே நடுநிலையான சொல்? தவறு என்றால் வாசகர்களாகிய நாங்கள் எப்படித் தட்டிக் கேட்பது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை, அது நடுநிலையான சொல் அல்ல. வழக்கில் ஒரு தரப்பு வைக்கும் வாதம் அது.

வாதம் இப்படிப் போகிறது. 1948 போருக்குப் பின் மேற்குக் கரை ஜோர்டானின் கையில் இருந்தது. 1950இல் ஜோர்டான் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டதை மிகச் சில நாடுகளே ஏற்றன. எனவே 1967 ஜூனில் இஸ்ரேல் கைப்பற்றியபோது அந்த நிலத்துக்குச் சட்டப்படியான உடைமையாளர் யாரும் இல்லை. உடைமையாளர் இல்லாத நிலத்தில் ஆக்கிரமிப்பு என்ற பேச்சே இல்லை. இஸ்ரேலிய அரசுகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது. ‘இஸ்ரேல் இப்படி வாதிடுகிறது’ என்று சேர்த்து ஒரு நாளிதழ் இதை அச்சிட்டால் குறை சொல்ல மாட்டேன். செய்தியாளரே தன் குரலில் எழுதும்போதுதான் தவறாகிறது.

இந்த வாதத்தைச் சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று, மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய பிரிப்புச் சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்தில் எடுத்துப் பார்த்து நிராகரித்தது. போர் மூண்டபோது இஸ்ரேல், ஜோர்டான் இரண்டுமே, போரில் பொதுமக்களைக் காக்கும் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையில் இருந்தன. ஆகவே கைப்பற்றிய நிலம் முன்பு யாருடையது என்று பார்க்க வேண்டியதில்லை, உடன்படிக்கை பொருந்தும் என்றது. அதற்கு ஒன்பது நாள் முன்பு, ஜூன் 30 அன்று, இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே பெய்த் சூரிக் கிராம வழக்கில் அந்தப் பகுதியை இஸ்ரேல் போர் ஆக்கிரமிப்பில் வைத்திருக்கிறது என்ற அடிப்படையிலிருந்துதான் தன் தீர்ப்பைத் தொடங்கியது. நிலம் கையகப்படுத்தும் ஆணைகளில் அங்கே கையெழுத்திடுபவர் ராணுவத் தளபதி. அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் தரும் விடை, ஆக்கிரமிப்புச் சட்டத்திலிருந்து என்பதே. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ‘சர்ச்சைக்குரிய’ என்று எழுதுபவர் இஸ்ரேலிய நீதிமன்றத்தைவிட ஒரு படி தாண்டிப் போகிறார்.

சர்ச்சையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லை எங்கே வருவது, ஜெருசலேம் யாருக்கு, குடியேற்றங்கள் என்னாவது, அகதிகள் திரும்புவதா என்பவை எல்லாம், 1990களில் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்ட ஓஸ்லோ உடன்பாடுகளில் இறுதிநிலைப் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டு இன்றுவரை தீராதவை. இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் பச்சைக் கோடும் எல்லை அல்ல. 1949இல் எழுதிய போர்நிறுத்தக் கோடு அது. பிற்கால எல்லைத் தீர்வை இது பாதிக்காது என்று ஜோர்டானுடனான ஒப்பந்தமே சொல்கிறது. ஆகவே ‘1967க்கு முந்தைய எல்லை’ என்று எழுதுவதும் கறாராகப் பார்த்தால் பிழைதான். எதிர்காலத் தீர்வு சர்ச்சையில் இருக்கிறது. இன்றைய நிலை ஆக்கிரமிப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதுதான் கோளாறு.

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டினாலும் தமிழில் ‘ஆக்கிரமிப்பு’தான், படையெடுத்துப் பிடித்தாலும் ‘ஆக்கிரமிப்பு’தான். அதனால் இந்தச் சொல்லைப் படித்ததும் திட்டுவதுபோலக் கேட்கிறது; பலர் பின்வாங்கிச் ‘சர்ச்சைக்குரிய’வில் போய் ஒளிகிறார்கள். 1907 ஹேக் விதிகளின் 42ஆவது பிரிவு வசை பாடவில்லை. எதிரிப் படையின் அதிகாரத்தின் கீழ் உண்மையாகவே வந்துவிட்ட நிலம் ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் என்று நிலையை வரையறுக்கிறது, அவ்வளவே. முதல்முறை குறிப்பிடும்போது ‘1967 முதல் இஸ்ரேல் ராணுவ ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரை’ என்று எழுதினால் குழப்பம் போய்விடும். ‘குடியிருப்பு’ என்ற சொல்லும் ஏமாற்றுகிறது. ‘இஸ்ரேல் குடியிருப்பில் தாக்குதல்’ என்றால் டெல் அவிவில் ஏதோ அடுக்குமாடி என்று வாசகர் நினைப்பார். ‘மேற்குக் கரையில் உள்ள யூதக் குடியேற்றம்’ என்று இடத்தோடு எழுத வேண்டும். ‘மேற்குக் கரை’ என்பதே வரைபடத்தில் இஸ்ரேலுக்குக் கிழக்கே இருக்கிறது. ஜோர்டான் ஆற்றுக்கு மேற்கே என்பதால் வந்த பெயர். கடற்கரையில் இருப்பது காசா. இது தெரியாமல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்ட வரைபடங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

காசா பற்றிய வாக்கியத்தில் பாதி உண்மை. 2005 ஆகஸ்ட், செப்டம்பரில் இஸ்ரேல் அங்கிருந்த 21 குடியேற்றங்களையும் கலைத்து, சுமார் 8,000 பேரை வெளியேற்றி, படையையும் விலக்கிக்கொண்டது. அது நடந்தது, மறைக்கக் கூடாது. ஆனால் வான்வெளி, கடல், எகிப்தை ஒட்டிய ராஃபா நீங்கலான தரை வாயில்கள், மக்கள் பதிவேடு ஆகியவற்றை விடவில்லை. அதனால்தான் 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், கட்டுப்பாடு எந்த அளவுக்கு நீடித்ததோ அந்த அளவுக்கு இஸ்ரேலின் கடமைகளும் நீடித்தன என்றது. ‘போய்விட்டது’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் இந்த இரண்டாம் பாதி விழுங்கப்படுகிறது. கூடவே இன்னொரு பிழையும் வழக்கமாக வரும்: ‘2006 முதல் காசா ஹமாஸ் ஆட்சியில்’. 2006 ஜனவரியில் ஹமாஸ் வென்றது பாலஸ்தீனப் பகுதிகள் முழுவதற்குமான சட்டமன்றத் தேர்தலை. போட்டிக் கட்சியான ஃபத்தாவோடு மோதிக் காசாவைக் கைப்பற்றியது 2007 ஜூனில்.

இப்போது உங்களைச் சங்கடப்படுத்தும் ஒன்று. பாலஸ்தீனத்துக்கு ஆதரவானவர்கள் என்பதால் நம் பக்கத்துப் பிழைகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பாலஸ்தீன நிலம் என்று காட்டும் பச்சை நிறம் படிப்படியாகச் சுருங்கும் நான்கு வரைபடங்கள் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். அமெரிக்காவின் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி அதே வகைப் படங்களை 2015 அக்டோபரில் காட்டிவிட்டு, சில நாட்களிலேயே அவை தவறு என்று ஒப்புக்கொண்டது. காரணம் எளிது. முதல் படம் 1946இல் யூதர் வாங்கியிருந்த நிலத்தை ஒரு நிறத்திலும் மற்றதை எல்லாம் ‘பாலஸ்தீன நிலம்’ என்றும் காட்டுகிறது. ஆனால் அன்று ஆண்டது பிரிட்டன், அந்த ‘மற்றதில்’ பெரும் பங்கு அரசு நிலம். இரண்டாவது, நிறைவேறாமலே போன 1947 ஐ.நா. பிரிவினைத் திட்டம். மூன்றாவதில் பச்சையாக இருப்பவை ஜோர்டானும் எகிப்தும் ஆண்ட பகுதிகள். நான்காவது, ஓஸ்லோவுக்குப் பின் பாலஸ்தீன நிர்வாகம் பெற்ற துண்டுகள். பட்டா, திட்டம், அந்நிய ஆட்சி, உள்ளாட்சி என்று நான்கு வெவ்வேறு பொருள்களை ஒரே நிறத்தில் பூசியிருக்கிறார்கள். 1948இல் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் ஊர் இழந்தார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. அதைச் சொல்ல இந்தப் படம் தேவையில்லை. இதைக் காட்டினால் எதிராளி படத்தை உடைத்துவிட்டு உண்மையையும் உடைத்ததாகச் சொல்லிக்கொள்வார். இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் டெல் அவிவை இஸ்ரேலின் தலைநகர் என்று எழுதியது தவறு என்று 2012இல் ஒப்புக்கொண்டதும் இதே பாடம்தான். ஜெருசலேமைத் தலைநகராகப் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை என்பது சரி. அதனால் டெல் அவிவ் தலைநகர் ஆகிவிடாது.

எண்களில் இரண்டு இடம் எப்போதும் வழுக்கும். ஓஸ்லோ உடன்பாட்டின்படி முழுதும் இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள ‘சி’ பிரிவு 60 சதவீதம் என்பது மேற்குக் கரையில் மட்டும், அதுவும் கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல். ‘பாலஸ்தீனத்தின் 60 சதவீதம்’ அல்ல. குடியேறிகள் 5 லட்சம் என்று ஒருவரும் 7 லட்சம் என்று இன்னொருவரும் எழுதினால் இருவருமே சரியாக இருக்கலாம்: பெரிய எண்ணில் கிழக்கு ஜெருசலேம் உண்டு, சின்னதில் இல்லை. அந்தக் கிழக்கு ஜெருசலேமும் 1967க்கு முன் ஜோர்டானிய நகராட்சியாகச் சுமார் 6 சதுர கி.மீ. இருந்தது, அக்கம்பக்கத்து 28 கிராமங்களின் நிலத்தைச் சேர்த்து இஸ்ரேல் இணைத்துக்கொண்டது சுமார் 70 சதுர கி.மீ. எந்தப் பரப்பைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.

நீதிமன்றங்களும் கலந்துவிடுகின்றன. 2024 ஜூலையில் கருத்துச் சொன்னது சர்வதேச நீதிமன்றம். அது ஆலோசனைக் கருத்து, கட்டுப்படுத்தும் ‘தீர்ப்பு’ அல்ல. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நெதன்யாகுவுக்குப் பிடியாணை போட்டது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இரண்டும் ஹேக் நகரில் இருப்பதால் ஒன்றாகிவிடாது. அந்த ஆலோசனைக் கருத்தை ஒட்டி 2024 செப்டம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 124 நாடுகள் ஆதரவு, 14 எதிர்ப்பு, 43 ஒதுங்கல். ஒதுங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

இனி, எப்படித் தட்டிக் கேட்பது. செய்தியின் பக்கத்தை, தேதி, பதிப்பு, பக்க எண் தெரியும்படி முதலில் பத்திரப்படுத்துங்கள். இணையச் செய்தி என்றால் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து நேரத்தையும் குறியுங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிட்டு ‘அப்படி எழுதவே இல்லை’ என்பார்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தொடுங்கள். பத்துப் பிழைகளை அடுக்கினால் ஆசிரியர் அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் தள்ளிவிடுவார். தலையங்கத்திலோ கட்டுரையிலோ வந்த கருத்தை இப்படித் திருத்தக் கேட்க முடியாது. செய்தியில் வந்த தகவலை மட்டும் கேளுங்கள். செய்தி முகமையிலிருந்து வந்ததென்றால் மூல ஆங்கிலச் செய்தியைத் தேடி ஒப்பிடுங்கள். பல நேரம் மூலத்தில் இருந்த ‘இஸ்ரேல் கூறுகிறது’ என்பதோ ‘ஹமாஸ் நடத்தும் சுகாதார அமைச்சகம்’ என்பதோ மொழிபெயர்ப்பு மேசையில் விழுந்திருக்கும். அதைக் காட்டினால் மறுக்க முடியாது.

கடிதம் இவ்வளவு போதும்: ‘இன்ன தேதி, இன்ன பக்கத்தில் மேற்குக் கரையைச் சர்ச்சைக்குரிய பகுதி என்று எழுதியுள்ளீர்கள். சர்வதேச நீதிமன்றத்தின் 9.7.2004, 19.7.2024 ஆலோசனைக் கருத்துகளும், ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2334ஆம் தீர்மானமும் அதை ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்கின்றன. “1967 முதல் இஸ்ரேல் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரை, இதைச் சர்ச்சைக்குரிய பகுதி என்று இஸ்ரேல் வாதிடுகிறது” என்று திருத்தம் வெளியிடுங்கள்.’ திருத்த வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது முக்கியம்; அவசரத்தில் இருக்கும் மேசைக்கு அது வேலையை மிச்சப்படுத்துகிறது. ‘யாரிடம் காசு வாங்கினீர்கள்’ என்ற ஒரு வரி சேர்ந்தால் கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

பதில் வராவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு எழுதலாம். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள், மற்றவை என்றால் நான்கு மாதத்துக்குள். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், செய்தி நறுக்கு, தமிழ்ச் செய்தி என்பதால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, இது குறித்து நீதிமன்றத்தில் வழக்கு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைக்க வேண்டும். அபராதம் போடும் அதிகாரம் மன்றத்துக்கு இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். தொலைக்காட்சி என்றால் காலம் இன்னும் குறைவு. செய்தி ஒளிபரப்பாளர்கள், டிஜிட்டல் சங்கத்தின் (என்பிடிஏ) உறுப்பினராக உள்ள சேனலுக்கு, ஒளிபரப்பிய ஏழு நாளுக்குள் உங்கள் புகார் போய்ச் சேர வேண்டும்.