மொத்தத்தில் மட்டும் டெலிவரி சார்ஜ் காணோம்: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே ஊறுகாய், தொக்கு போட்டு வெப்சைட்டில் விற்கிறேன். பிஎச்பி என்கிற புரோகிராம் மொழியில் எழுதிய தளம். போன மாதம் கூப்பன் வசதி சேர்க்கச் சொன்னேன். எழுதித் தந்தவரே சேர்த்தார், பணமும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து ரூ.450 ஆர்டருக்கு டெலிவரி ரூ.60 என்று தனி வரியில் வருகிறது, மொத்தமோ 450 என்றே நிற்கிறது. கேட்டால், "கோடு பழசாயிடுச்சு, முழுசா மாத்தணும், 15,000 ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தனி வரியில் 60 சரியாக வருகிறதே, அதுதான் துப்பு. தொகை தளத்தில் இருக்கிறது. கூட்டுகிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் இது ஸ்கோப் கோளாறு, அதாவது ஒரு தொகை கோடின் எந்தப் பகுதிக்குத் தெரியும் என்பதில் வரும் தவறு.

கூப்பனுக்காக, பக்கத்தில் நேராக இருந்த கூட்டலைத் தூக்கி ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லி அழைக்கும் தனிக் கோடு துண்டு) வைத்திருப்பார். பிஎச்பியில் ஃபங்ஷனுக்கு வெளியே உள்ள வேரியபிள் (தொகையைப் பெயரிட்டு வைக்கும் இடம்) சாதாரணமாக உள்ளே தெரியாது. அதே பெயரை உள்ளே எழுதினாலும் அது வேறொன்று, காலியானது. காலியைக் கூட்டச் சொன்னால் பிஎச்பி அதை 0 என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். தளம் நிற்காது, கஸ்டமரும் புகார் சொல்லப்போவதில்லை! ஜாவாஸ்கிரிப்ட் என்கிற இன்னொரு மொழியில் ஃபங்ஷனுக்குள்ளிருந்து வெளியே உள்ளதைப் பார்க்கலாம். அதில் பழகியவர்கள் பிஎச்பியில் இப்படிச் சறுக்குவது சகஜம்தான். அதற்கு 15,000 கேட்பதுதான் அநியாயம்.

ஒரு சோதனை ஆர்டர் போட்டுவிட்டு, ஹோஸ்டிங் பேனலில், பிழைகள் பதிவாகும் எர்ரர் லாகைத் திறந்து பாருங்கள். 'அன்டிஃபைன்ட் வேரியபிள்' (மதிப்பே தராத வேரியபிள்) என்று பெயர், ஃபைல், வரி எண்ணோடு இருக்கும். 2020இல் வந்த பிஎச்பி 8இலிருந்து இது 'வார்னிங்'. அதற்கு முன் வெறும் 'நோட்டீஸ்'தான். நிறைய சர்வர்களில் அதை அடக்கி வைத்திருப்பார்கள். லாகில் ஒன்றும் இல்லையென்றால், தளத்தின் டெஸ்ட் காப்பியில் ஃபங்ஷனை அழைக்கும் முன் ஒரு முறை, உள்ளே ஒரு முறை 'வார் டம்ப்' (வேரியபிளில் உள்ளதைக் காட்டும் கட்டளை) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெளியே 60, உள்ளே நல் (காலி) என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

திருத்தம் இரண்டு மூன்று வரிதான்: டெலிவரி தொகையை ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராக, அதாவது அழைக்கும்போதே உள்ளே அனுப்பும் மதிப்பாகக் கொடுக்க வேண்டும். வெளியே உள்ளதை உள்ளே தெரியவைக்கும் 'குளோபல்' என்று ஒரு வரி சேர்த்தாலும் ஓடும், ஆனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளைக்கு இன்னொரு ஃபங்ஷன் அந்த 60ஐ மாற்றினால் எங்கே மாறியது என்று தேடியே அலுத்துப்போவீர்கள்.

சரி, பண விஷயம். அவர் செய்த மாற்றத்தால் வந்த கோளாறு என்பதால் இலவசமாகச் சரிசெய்து தரச் சொல்வதே நியாயம். எர்ரர் லாக் ஸ்கிரீன்ஷாட்டையும் கூப்பன் வேலைக்குக் கொடுத்த பணத்தின் ரசீதையும் இணைத்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். "இது வியாபாரத்துக்கு வாங்கிய சேவை" என்று அவர் வாதாடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே நடத்துகிறீர்கள் என்பதைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.