மண்ணில் விழும் பந்து

அன்புள்ள ஐயா,

நாங்கள் மிசூரியில் இருக்கிறோம். 13 வயது மகன் பள்ளி பேஸ்பால் அணியில் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவன். பேட்டிங் சுமார்தான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் யாடியர் மோலினா என்றால் அவனுக்கு உயிர். நானும் மோலினாவின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 19 சீசன், .277 பேட்டிங் சராசரி, 176 ஹோம் ரன். இதற்கா இவ்வளவு புகழ்? பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கு இது போதுமா? குந்திக் குந்தியே முழங்கால் போய்விடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். பையனை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பந்தை எறியும் பிட்சரின் பெயரில் எழுதப்படும் ஸ்ட்ரைக்அவுட்டில், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவதில், கேட்சருக்கு எவ்வளவு பங்கு என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். ஒரு கேட்சரை எடைபோட மட்டையைத் தூக்கித் தராசில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

ஹால் ஆஃப் ஃபேமை விடுங்கள். மோலினா ஓய்வு பெற்றது 2022ல். ஐந்து ஆண்டு கழிந்து 2028 தேர்வில்தான் அவர் பெயர் வாக்குச் சீட்டில் வரும். 75 சதவீத வாக்கு வேண்டும். அது வாக்களிப்பவர்கள் பாடு.

அவருடைய எறிதலைப் பற்றியும் எல்லோரும் பேசியாகிவிட்டது. பேஸ் திருட, அதாவது பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸைப் பிடிக்க, ஓடியவர்களில் 40 சதவீதம் பேரை அவுட் ஆக்கியவர், சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதை ஒன்பது முறை வாங்கியவர். பிட்சர் எறிய அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரிடம் சேர ஏறக்குறைய 1.3 நொடி, அதைப் பிடித்து 39 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டாம் பேஸுக்குச் சேர்க்க 2 நொடி. ரன்னருக்கு 3.4 நொடி போதும். பிட்சர் சோம்பினால் எந்தக் கையும் காப்பாற்றாது.

நான் சொல்ல வந்தது வேறு. பந்தைத் தடுப்பது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மூன்றாம் பேஸில் ரன்னர் நிற்கிறான், பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பிட்சரிடம் இருக்கும் சிறந்த ஆயுதம், முழங்கால் உயரத்தில் வருவதுபோல் ஏமாற்றிக் கடைசியில் மண்ணில் இறங்கும் கர்வ் பால். அதைப் போட அவனுக்குத் தைரியம் வேண்டும். பந்து கேட்சரைத் தாண்டினால் ஒரு ரன் போச்சு. முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ இன்னும் மோசம். மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நேராகப் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். கேட்சர்மேல் நம்பிக்கை இல்லாத பிட்சர் என்ன செய்வான்? கர்வை ஒரு சாண் மேலே போடுவான். மேலே வந்த கர்வை எவனும் அடிப்பான். அடி வாங்கியது பிட்சர் கணக்கில் ஏறும். கேட்சரை யார் கேட்கப் போகிறார்கள்?

2006 அக்டோபர் 19, நியூயார்க் ஷே ஸ்டேடியம், மெட்ஸுக்கு எதிரான நேஷனல் லீக் சாம்பியன் தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, கார்டினல்ஸ் 3-1 முன்னிலை, மூன்று பேஸிலும் மெட்ஸ் ரன்னர், இரண்டு அவுட். எதிரே கார்லோஸ் பெல்ட்ரான். பிட்சர் அனுபவமில்லாத ஆடம் வெயின்ரைட். முதல் பந்து வேகம் குறைந்த சேஞ்ச்அப். அடுத்த இரண்டும் கர்வ். கடைசிப் பந்துக்கு பெல்ட்ரான் மட்டையே அசைக்கவில்லை, மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது. பந்து மண்ணில் பட்டு ஓடினால் ஒரு ரன் போகிற இடத்தில் மோலினா அந்தக் கர்வைக் கேட்டு வாங்கினார். அந்த சீசனில் அவர் அடித்த சராசரி .216. அதே இன்னிங்ஸின் முதல் பாதியில் ஆட்டத்தை முடிவு செய்த ஹோம் ரன்னும் அவருடையதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். வெயின்ரைட்டும் மோலினாவும் பிறகு 328 ஆட்டங்களை ஜோடியாகத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய சாதனை 324.

இதைப் பையனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். மண்ணில் விழும் பந்தைப் பிடிக்கப் போகக் கூடாது, பெரும்பாலான பையன்கள் கெடுவது இங்கேதான். கிளவ்வை நீட்டித் துழாவுவார்கள், பந்து அடியில் புகுந்துவிடும். முதலில் கிளவ் தரையைத் தொட வேண்டும், கூடவே முழங்கால்கள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை கிளவ் அடைக்கட்டும், வெறுங்கை கிளவ்வுக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும். முகவாய் நெஞ்சில் பதிந்திருக்க வேண்டும். தோள்களை முன்னே வளைத்து நெஞ்சைக் குழித்து, மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். விறைத்த நெஞ்சில் பட்ட பந்து மூன்று மீட்டர் துள்ளிப் போகும், ரன்னர் அடுத்த பேஸில் நிற்பான். தளர்ந்த நெஞ்சில் பட்டால் கைக்கெட்டும் தூரத்திலேயே விழும். பந்து பக்கவாட்டில் வந்தால் அந்தப் பக்கத் தோளை உள்ளே திருப்ப வேண்டும், பந்து ஹோம் பிளேட்டின் பக்கம் திரும்பிவிடும். தலையைத் திருப்பினால் காதும் கழுத்தும் திறந்துபோகும், கண்ணை மூடினால் எல்லாமே வீண்.

டென்னிஸ் பந்தில் ஆரம்பியுங்கள். கிளவ் வேண்டாம், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி ஐந்து மீட்டரிலிருந்து அவனுக்கு முன்னால் தரையில் குத்திப் போடுங்கள். நெஞ்சால் மட்டும் தடுக்கட்டும். பயம் போன பிறகு 145 கிராம் நிஜப் பந்து. வேலை முடிந்து வந்து மாலையில் நீங்களே போடுங்கள், சராசரியைப் பார்க்கிற நேரத்தில்.

கவசத்தில் கஞ்சத்தனம் கூடாது. முகமூடியில் தொண்டைத் தடுப்பு, கால் காப்பு, இடுப்புக்குள் அணியும் கப் எல்லாம் அவன் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், அண்ணன் பிள்ளைகளுடையது உதவாது. 2018 மே மாதம் மணிக்கு 102 மைல் வேகத்தில் வந்த பந்து மட்டையில் உரசித் திரும்பி மோலினாவின் இடுப்புக்குக் கீழே பட்டது. கவசம் போட்டிருந்தும் அறுவை சிகிச்சை, ஒரு மாத ஓய்வு.

முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளரும் பிள்ளைக்கு அடுத்தடுத்த நாட்களில் முழு ஆட்டம் கொடுக்க வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், வலி இரண்டு நாள் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடத்தை மாற்றுவதை அவனே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.