ஏறுறது ஈஸி, எறங்குறதுதான் பாடு!

கேள்வி: சேர்ல பலூன் கட்டி ஒருத்தர் வானத்துல பறந்தாருன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, நெசமா கப்ஸாவா?

பதில்: நெசம்தாங்க. 1982 ஜூலை 2, கலிஃபோர்னியா. ஆளு பேரு லாரி வால்டர்ஸ், பேரும் லாரி, பொழப்பும் லாரி ஓட்டுறது. வானிலை ஆராய்ச்சிக்கு விடுவாங்களே பெரிய ஹீலியம் பலூன், அதுல 40-க்கு மேல வாங்கி தோட்டத்து சேர்ல கட்டி உக்காந்துட்டாரு, எறங்கணும்னா ஒவ்வொண்ணா சுட்டுக்கலாம்னு கையில ஒரு ஏர்கன் வேற. கட்டியிருந்த கயிறு விட்டதுதான் தாமதம், சர்ருன்னு சுமார் 16,000 அடி! அந்தப் பக்கமா போன விமான பைலட்டுங்க சேர்ல ஒரு ஆளு பறக்குறாருன்னு கண்ட்ரோல் டவருக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு. குளிர் தாங்காம சில பலூன சுட்டாரு, அப்புறம் துப்பாக்கியும் கைநழுவி விழுந்துடுச்சு. நல்ல நேரம், அதுவரைக்கும் சுட்டதே போதுமா இருந்துச்சு, மெல்ல எறங்கி லாங் பீச்சுல கரண்ட் கம்பில மாட்டி, அந்த ஏரியாவுக்கே 20 நிமிஷம் பவர் கட். கடைசில 1,500 டாலர் ஃபைன்.

கேள்வி: விஷயம் தெரிஞ்சவங்களுக்கும் எறங்குறது கஷ்டமா?

பதில்: கஷ்டம்தான். வாயு பலூன்ல ஸ்டியரிங்கும் கெடையாது பிரேக்கும் கெடையாது, மேல போக மணல் மூட்டையக் கொட்டணும், கீழ வர உச்சியில இருக்குற வால்வத் தொறந்து வாயுவ விடணும், அவ்ளோதான். 1862 செப்டம்பர்ல இங்கிலாந்துல வானிலை விஞ்ஞானி கிளைஷரும் பலூன் ஓட்டுற காக்ஸ்வெல்லும் போனப்ப அந்த வால்வு கயிறே சிக்கிக்கிச்சு. 29,000 அடி தாண்டி கிளைஷர் மயங்கிட்டாரு. காக்ஸ்வெல் கூடைக்கு மேல இருக்குற வளையத்துல ஏறி சிக்கெடுத்தாரு, ஆனா குளிர்ல கை மரத்துப்போச்சு, பிடிக்க முடியல, கடைசில கயிறப் பல்லால கடிச்சு இழுத்துதான் ரெண்டு பேரும் பொழச்சாங்க. என்னைக் கேட்டா லாரி கதைய விட இதுதான் கெத்து.

உல்டாவா 1785 ஜனவரில பலூன் ஓட்டுற பிளான்சார்டும் டாக்டர் ஜெஃப்ரீஸும் இங்கிலாந்து டோவர்லேர்ந்து ஆங்கிலக் கால்வாயத் தாண்டுறப்ப பலூன் கடலப் பாத்து எறங்க ஆரம்பிச்சிடுச்சு, கையில இருந்த சாமானெல்லாம் தூக்கிப்போட்டும் பத்தாம போட்டிருந்த டிரஸ்ஸையும் கழட்டி வீசிட்டுதான் பிரான்ஸ் கரையத் தொட்டாங்க.

கேள்வி: பலூன்ல மொதல்ல போனது யாரு?

பதில்: ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். 1783 செப்டம்பர் 19, பிரான்ஸ்ல வெர்சாய் அரண்மனை, ராஜா கண்ணு முன்னாடி. மூணும் உசுரோட எறங்கிடுச்சு. சேவலுக்கு மட்டும் றெக்கைல அடி, அதுவும் கெளம்புறதுக்கு முன்னாடியே ஆடு உதைச்சதுன்னு சொல்றாங்க.