பரேலுக்கு அம்மாவோடு போகிறீர்களா? கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: அம்மாவைப் புற்றுநோய் சிகிச்சைக்காக மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். ரயில் லோக்மான்ய திலக் டெர்மினஸ் வரைதான் போகும். எனக்கு இந்தி தெரியாது. லோக்கல் ரயிலில் அம்மாவை ஏற்றலாமா, இல்லை எல்லாவற்றுக்கும் டாக்சிதானா? – மதுரை வாசகி

பதில்: முதல் நாள் டாக்சிதான். அதில் கணக்குப் பார்க்காதீர்கள். நீங்கள் இறங்கும் டெர்மினஸை அங்கே எல்டிடி என்பார்கள், குர்லா டெர்மினஸ் என்றும் சொல்வார்கள். ஆனால் குர்லா லோக்கல் நிலையம் வேறு இடம். பெட்டியோடு அம்மாவை அதுவரை நடக்க வைக்க முடியாது. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மும்பையில் ஆட்டோ சயான், மாஹிம் பக்கத்தோடு நின்றுவிடும். அதற்குத் தெற்கே அனுமதி இல்லை. பரேல் அந்த எல்லைக்குத் தெற்கே இருக்கிறது. ஆட்டோவில் ஏறினால் பாதி வழியில் மூட்டையோடு வண்டி மாற வேண்டிவரும். கறுப்பு மஞ்சள் டாக்சியில் "மீட்டர் ஸே" (மீட்டர்படி) என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள், போதும். 2025 பிப்ரவரியில் நிர்ணயித்தபடி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 31 ரூபாய்.

சரி, லோக்கலுக்கு வருவோம். தாராளமாகப் போகலாம், நேரம் பார்த்து. பல வருடம் அந்த ஊரில் இருந்த எனக்குத் திருடனைவிடக் கூட்டத்தைக் கண்டுதான் பயம். வந்த புதிதில் ஒரு மாலை ஏழு மணிக்கு தாதரில் கல்யாண் போகும் ஃபாஸ்ட் லோக்கலில் (சில நிலையங்களில் மட்டும் நிற்பது) ஏறி, குர்லாவில் இறங்கப் பார்த்தேன். கதவுக்கு நாலடி தூரத்தில்தான் நின்றேன். ஏறுகிற கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. அடுத்து வண்டி நின்ற காட்கோபரில்தான் கால் தரையில் பட்டது. ஒரு செருப்பு வண்டியோடு போய்விட்டது.

காலை 8 முதல் 11 வரை கூட்டம் தெற்கே போகும். மாலை 5 முதல் 9 வரை வடக்கே திரும்பும். நீங்கள் பரேலுக்கு வடக்கே குர்லா, செம்பூர் பக்கம் அறை எடுத்தால் இரண்டு வேளையும் அந்தக் கூட்டத்தோடுதான் போக வேண்டும். அதனால் கொஞ்சம் கூடுதல் வாடகை ஆனாலும் பரேல், தாதர் பக்கமே தங்கப் பாருங்கள். மருத்துவமனையின் சமூகப் பணித்துறையில் கேட்டால் தர்மசாலைகளைப் பற்றிச் சொல்வார்கள். வாசலில் நின்று "ரூம் வேணுமா, சீக்கிரம் டோக்கன் வேணுமா" என்று தமிழிலேயே பேசுகிறவரிடம் ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள்.

நடைமேடைப் பலகையில் எஸ் என்று இருந்தால் ஸ்லோ, எஃப் என்றால் ஃபாஸ்ட். பரேலுக்கு ஸ்லோவில் ஏறுங்கள். எல்லா நிலையத்திலும் நிற்கும். சாய்வான பச்சை மஞ்சள் பட்டை போட்டிருப்பது பெண்கள் பெட்டி. 'பீப் பீப்' என்று ஒலிபெருக்கி கத்தும் இடத்தில் மாற்றுத் திறனாளிகள் பெட்டி நிற்கும். அதில் புற்றுநோயாளிகளும் ஏறலாம்; அம்மாவின் மருத்துவச் சான்றைக் கையில் வைத்திருங்கள். வண்டி அரை நிமிடம்கூட நிற்காது, எனவே இறங்குவதற்கு ஒரு நிலையம் முன்பே எழுந்து கதவுப் பக்கம் போய்விடுங்கள். முன்னால் நிற்பவரிடம் "பரேல்?" என்று கேளுங்கள். அவரும் இறங்குகிறவர் என்றால் தலையாட்டுவார். இல்லையென்றால் விலகி வழி விடுவார். மும்பைக்காரர்கள் இதில் தங்கமானவர்கள்.

படிக்கட்டில்தான் நிஜமான கவனம் வேண்டும். 2017 செப்டம்பர் 29 அன்று பரேலை ஒட்டிய எல்பின்ஸ்டோன் ரோடு நிலையத்தின் நடைபாலத்தில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் நெரிந்து 23 பேர் இறந்தார்கள். அந்த நிலையம் இப்போது பிரபாதேவி. மழை பிடித்து, பாலத்தில் ஆள் நிறைந்திருந்தால் நடைமேடையிலேயே பத்து நிமிடம் உட்காருங்கள். அவசரப்படுத்துகிறவர்கள் முன்னால் போகட்டும்.

கதவோரம் நின்று போன் பேசாதீர்கள். தண்டவாளத்துப் பக்கம் நிற்பவர்கள் குச்சியால் கையில் அடித்துப் போனை விழவைப்பது உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதாக இருந்தால், பரேல் பக்கத்து ஹிந்த்மாதா சந்திப்பு கனமழையில் குளமாகிவிடும். அன்றைக்கு மருத்துவமனையிலேயே இருந்துவிட்டு, நீர் வடிந்த பிறகு கிளம்புங்கள்.

அம்மாவுக்கு ரொட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் பரேலிலிருந்து இரண்டாவது நிலையம் மாட்டுங்கா. கிழக்குப் பக்கம் இறங்கினால் இட்லியும் கிடைக்கும், தமிழும் கிடைக்கும். ரயிலில் ஏதாவது தொல்லை என்றால் 139, ரயில்வே போலீசுக்கு 1512, மற்றபடி எங்கேயும் 112.