நெல்லைக் குளங்களில் அரிய பறவை தேடுவது எப்படி? கேள்வி பதில்

நெல்லைச் சீமையில் வலசைப் பறவைகளைப் பார்க்கக் கிளம்பியிருக்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, இந்த வருடம் நல்ல மழை. எங்கள் பக்கத்துக் குளம் எல்லாம் மறுகால் போகிறது. ஆனால் பறவையைக் காணோமே? (வள்ளியூர்)

தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம், தம்பி. நிரம்பிய குளம் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் சரி. சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களுக்குக் கால் நனையும் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். அதோடு, மழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஊருக்கு ஊர் தண்ணீர் கிடப்பதால் பறவைகள் சிதறிவிடும். பிசான நெல் பயிருக்கு மடை திறந்து, தை பாதிக்கு மேல் தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும். குளத்தின் உள்வாயில், அதாவது உட்பக்கத் தரையில், சேறு தெரியத் தொடங்கியதும் போய்ப் பாருங்கள். கொசு உள்ளான், பொறி உள்ளான், கருவால் மூக்கன் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கும். புதிதாக ஏதாவது வந்திருந்தால் அதுவும் அந்தக் கூட்டத்துக்குள்தான் மேயும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பாகத்தான் தெரியும்.

கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளுக்கு நடுவே தலையில் பட்டை இல்லாத ஒன்றைப் பார்த்தேன். வேறு இனமா, சார்? (நாங்குநேரி, கல்லூரி மாணவி)

இவ்வளவு கவனமாகப் பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் அரிய வாத்து என்று எழுதும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். வரித்தலை வாத்தின் அந்த வருடத்துக் குஞ்சுக்குத் தலையில் கறுப்புப் பட்டை இருக்காது. உச்சியும் பின்கழுத்தும் மங்கலான சாம்பல்பழுப்பாக இருக்கும். அப்பா அம்மாவோடுதான் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆகவே இரண்டு பெரிய வாத்துகளை ஒட்டியே அது நடக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அலகும் காலும். வரித்தலைக்கு மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, காலும் மஞ்சள்தான். நீங்கள் பார்த்ததற்குக் கால் இளஞ்சிவப்பு, அலகு தடிமன், நுனியில் கறுப்பே இல்லை, உடம்பும் பழுப்பு என்றால் அது சாம்பல் வாத்தாக இருக்கலாம். இவ்வளவு தெற்கே அது அபூர்வம். நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கிட்டே போக வேண்டாம். வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகின்றன. 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்து இளைப்பாறும் பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது எனக்குப் பொறுக்காத காரியம்.

கழுத்தில் எண் எழுதிய வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மங்கோலியாவில் மாட்டிய வளையத்தோடு வந்த வாத்துகளைத் தென்னிந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். நிறம், எண் இரண்டையும் குறித்துக்கொண்டால் அந்த ஒரு பறவையின் பயணமே தெரிந்துவிடும்.

ஐப்பசியில் எங்கள் வீட்டு முற்றத்தில் பச்சை முதுகும் சிவப்பு வயிறும் குட்டை வாலுமாக ஒரு பறவை விழுந்து கிடந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? (பாளையங்கோட்டை)

அது ஆறுமணிக்குருவி, அம்மா. வடக்கிலிருந்து இரவில் பறந்து வரும். களைத்துப்போயோ விளக்கு வெளிச்சத்தில் தடுமாறிச் சுவரில் மோதியோ இப்படி ஊருக்குள் விழுவதுண்டு. அடுத்த முறை காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, அதில் விட்டு மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். பூனையையும் பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள். தெளிந்து நின்றுவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் செடி அடர்ந்த தோட்டத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சாயங்காலம் புகை மாதிரி சுழன்று பறக்கும் கூட்டம் அரியதா? (திசையன்விளை)

இல்லை, அது ரோஜா நிற உடம்புள்ள சூறைக்குருவி. குளிர்காலத்தில் நம் பக்கம் ஏராளம். அந்தக் கூட்டத்துக்குள் ரோஜா நிறம் துளியும் இல்லாமல், கறுப்பு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாக ஒன்று தெரிந்தால், அது வேறு இனம், அப்போது எனக்குச் சொல்லுங்கள்.

என்ன கருவி வாங்கலாம்? (தென்காசி)

முதலில் 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.). கேமரா அப்புறம்.

அரிய பறவையைப் பார்த்ததும் இடத்தைப் போடலாமா? (அம்பாசமுத்திரம்)

திறந்த குளத்தில் நிற்கும் வாத்து, உள்ளான் என்றால் தாராளமாக ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போடுங்கள். மற்றவர்களும் போய்ச் சரிபார்ப்பார்கள். ஆந்தை பகலில் அடையும் மரம், பூனைப்பருந்துகள் இரவில் தங்கும் புல்வெளி, கூடு இவற்றை மட்டும் போடாதீர்கள். கூந்தன்குளம் 1994-இல் சரணாலயம் ஆவதற்கு முன்பே, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்த அக்கறையில் கொஞ்சமாவது நமக்கும் வேண்டும்.

2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஊரிலிருந்து மணிமுத்தாறு பக்கம்தான். அங்கே உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தில் கேட்டுப் பெயர் கொடுங்கள். ஒரு குளத்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து அத்தனையையும் தலை எண்ணிப் பாருங்கள். அப்படி ஒவ்வொன்றாக எண்ணும்போதுதான் வேறு ஒன்று கண்ணில் படும்.